மரையா? பின்னா? - ஒரு துப்பாக்கி இணைப்பும் ஒரு பீங்கான் ஊரும்

"அவனுக்கு மரை கழண்டு போச்சு" என்று திட்டாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. திருகாணியின் மரை கழன்றால் பொருள் பயனற்றது, மனிதனும் அப்படியே என்பது அந்த வசவின் கணக்கு. ஆனால் மரையே இல்லாத இணைப்புகள் உலகத்தில் ஏராளம். உலகிலேயே மிக அதிகமாகச் செய்யப்பட்ட துப்பாக்கி வகை, முதலில் மரையால் குழலைப் பிடித்து, பிறகு மரையை விட்டுவிட்டு ஒரு சிறு பின்னுக்கு மாறிய கதை அதில் ஒன்று.

ஏ.கே.47 பற்றித்தான் பேச்சு. சினிமாவில் வரும் ஏ.கே.47 அல்ல. பட்டறையில் லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவே கிடக்கும் ஏ.கே.47. அதைப் பற்றி விருத்தாசலம் போன்ற ஒரு பீங்கான் ஊரில் படிக்கும் பிள்ளைகள் ஏன் கவலைப்பட வேண்டும்? பட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

இணைப்பு என்ன வேலை செய்கிறது?

துப்பாக்கியில் இரண்டு முக்கிய பாகங்கள். ஒன்று குழல் (பேரல்). மற்றொன்று உடல், அதாவது ரிசீவர். தோட்டா வெடிக்கும்போது வரும் அழுத்தம் குண்டை முன்னால் தள்ளுகிறது. அதே அழுத்தம் தோட்டாவின் கூட்டைப் பின்னால் தள்ளுகிறது. பின்னால் வருவதைத் தடுத்து நிற்பது போல்ட் என்ற பூட்டு. அந்தப் பூட்டின் காதுகள் ஒரு இரும்புக் கட்டியின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். குழலும் அதே கட்டியில் பிடிக்கப்பட்டிருக்கும்.

ஆக, விசை முழுவதும் ஒரு சிறு வட்டத்துக்குள் சுற்றி முடிந்துவிடுகிறது: குழல், கட்டி, பூட்டு, மறுபடியும் குழல். இந்த மூன்றும் ஒன்றை ஒன்று சரியாகப் பிடித்திருந்தால் போதும். மீதி உடல் முழுவதும், எளிமையாகச் சொன்னால், பாகங்களைத் தாங்கும் பெட்டி. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பிறகு வருவது எல்லாம் எளிது.

மில்லிங் உடல் உள்ள ஏ.கே.யில் அந்தக் கட்டியும் பெட்டியும் ஒன்றே. ஒரே இரும்புத் துண்டைக் குடைந்து எடுத்தது. அதன் முன்பக்கத் துளையில் மரை வெட்டி, குழலின் அடியிலும் மரை வெட்டி, திருகி இறுக்கிவிடுவார்கள். கேட்க எளிது. செய்வது அவ்வளவு எளிதல்ல. குழல் முழுவதும் இறுகி நிற்கும் நேரத்தில் அதன் மேலே உள்ள குறிபார்க்கும் முனை நேராக வானத்தைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் முன்னால் இறுகிவிட்டாலோ, கொஞ்சம் தாண்டிப் போனாலோ குறி கோணல். பூட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியும் அதே இறுக்கத்தில் சரியாக வர வேண்டும். ஒரே திருகலில் இரண்டு கணக்குக்கு விடை வரவேண்டிய வேலை இது!

தகட்டு உடல் உள்ள ஏ.கே.யில் கட்டி தனி, பெட்டி தனி. டிரன்னியன் என்று சொல்லப்படும் அந்தக் கட்டியை வளைத்த தகட்டுக்குள் வைத்து ரிவெட் அடிப்பார்கள். குழலுக்கு மரை கிடையாது. கட்டியின் துளைக்குள் பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றி, இடைவெளி சரியான இடத்தில் நிறுத்தி, குறுக்கே ஒரு பின் போட்டுவிடுவார்கள். முனை நேராக இருக்கிறதா என்பதை அழுத்தும்போதே பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு ஆழம் என்பது வேறு கேள்வி, எந்தத் திசை என்பது வேறு கேள்வி. இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதில்லை.

பத்து வருடம் பின்வாங்கிய கதை

பலர் நினைப்பது என்ன? முதலில் பழைய முறையில் கனமாகக் குடைந்து செய்தார்கள், பிறகு முன்னேறி தகட்டுக்கு வந்தார்கள் என்று. அப்படி இல்லை.

மிகயீல் கலாஷ்னிகோவின் வடிவம் 1947இல் உருவாகி 1949இல் சோவியத் ராணுவத்தால் ஏற்கப்பட்டது. இஷேவ்ஸ்க் நகரத்துத் தொழிற்சாலையில் தயாரிப்பு தொடங்கியபோது அதன் உடல் தகட்டால் ஆனதுதான்! நோக்கம் அன்றே தெளிவாக இருந்தது: பிரஸ்ஸில் அடித்து, சீக்கிரமாக, மலிவாக, லட்சக்கணக்கில் செய்ய வேண்டும். ஆனால் கை வரவில்லை. தகட்டுக்குள் தண்டவாளம் போன்ற வழிப்பட்டைகளைப் பற்றவைக்கும் இடத்தில் தவறு வந்தது. செய்ததில் பெரும்பகுதி சோதனையில் தள்ளுபடி ஆனது.

அங்கே அவர்கள் செய்த காரியம்தான் கவனிக்க வேண்டியது. தயாரிப்பை நிறுத்தவில்லை. வடிவத்தையும் தூக்கி எறியவில்லை. 1951 முதல் உடலை மட்டும் இரும்புக் கட்டியில் குடைந்து எடுக்க ஆரம்பித்தார்கள். காரணம் எளியது. மோசின் நாகன் என்ற பழைய துப்பாக்கியின் உடலைக் குடைந்து பழகிய இயந்திரங்களும் தொழிலாளிகளும் கையில் இருந்தனர். மரை வெட்டிக் குழலைத் திருகுவது அவர்களுக்குக் கைவந்த கலை. செலவு அதிகம், இரும்பில் பாதிக்கு மேல் சுருள் சுருளாகத் தரையில் விழும், நேரமும் அதிகம். ஆனாலும் நல்ல பொருள் வெளியே வந்தது.

அதே நேரம் தகட்டு வேலையை விடாமல் பழகினார்கள். 1959இல் ஏ.கே.எம். வந்தது. ஒரு மில்லிமீட்டர் தகட்டில் உடல், ரிவெட் அடித்த டிரன்னியன், அழுத்திப் பின் போட்ட குழல். எடை குறைந்தது, செலவு குறைந்தது, வேகம் கூடியது. சீனாவின் டைப் 56 கூட 1956இல் மில்லிங் உடலோடு தொடங்கி 1960களின் நடுவில் தகட்டுக்கு மாறியது.

எனவே குடைந்து எடுத்த உடல், ஏ.கே. வரலாற்றில் தொடக்கமும் அல்ல, முடிவும் அல்ல. நடுவில் வந்த ஒரு பின்வாங்கல். தெரிந்ததைக் கொண்டு காலம் கடத்தி, தெரியாததைக் கற்றுக்கொண்ட இடைவேளை. இன்றைக்குச் சேகரிப்பவர்கள் பெரிய விலை கொடுத்து வாங்கும் அந்த 'முழு இரும்பு' ஏ.கே. அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு!

"தகரம்தானே?" என்ற ஏளனம்

கனமானது உயர்ந்தது, தகடு மட்டம் என்ற எண்ணம் எல்லோரிடமும் இருக்கிறது. பித்தளைக் குடம் - பிளாஸ்டிக் குடம் என்று வீட்டிலேயே பழகிய எண்ணம். துப்பாக்கி பற்றிப் பேசுபவர்களும் இதையே சொல்கிறார்கள்: மரை போட்டதுதான் ஒரிஜினல், பின் போட்டது சிக்கனம்.

மேலே சொன்ன விசை வட்டத்தை நினைத்துப் பார்த்தால் இந்த ஏளனம் நிற்காது. ஒரு மில்லிமீட்டர் தகடு வெடிப்பைத் தாங்கவில்லை. தாங்குவது டிரன்னியன். அது கெட்டியான இரும்புதான். எங்கே பலம் வேண்டுமோ அங்கே மட்டும் இரும்பை வைத்து, தேவையில்லாத இடத்தில் எடுத்துவிட்டார்கள். இது சிக்கனம் என்றால் நல்ல சிக்கனம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மில்லிங் உடலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பின்லாந்து 1962இல் ஏற்ற ஆர்.கே.62 மில்லிங் உடல்தான், பிறகு வந்த ஆர்.கே.95 துப்பாக்கியும் அப்படியே. அந்தப் பின்லாந்து வடிவத்தைப் பின்பற்றியே இஸ்ரேலின் கலீல் பிறந்தது, அதுவும் மில்லிங் உடல். இவை சிறிய நாடுகள். கோடிக்கணக்கில் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய பிரஸ் அச்சுகளுக்குப் போடும் முதலீடு குறைந்த எண்ணிக்கையில் திரும்பி வராது. உடல் அசையாமல் விறைப்பாக இருப்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது. அவர்கள் கணக்கில் மரையே லாபம்.

அப்படியானால் எது சிறந்தது? கேள்வியே தவறு. எத்தனை செய்யப் போகிறாய், உன் தொழிலாளிக்கு எது தெரியும், உன்னிடம் எந்த இயந்திரம் இருக்கிறது, யார் வாங்கப் போகிறார்கள்? இந்த நான்குக்கும் பதில் சொன்ன பிறகுதான் மரையா பின்னா என்று முடிவு செய்ய முடியும்.

ரயிலில் கொஞ்ச தூரம்

இதெல்லாம் ரஷ்யாவில் நடந்தது, இங்கே என்ன என்று கேட்கலாம். விருத்தாசலம் சந்திப்பில் கார்டு லைன் ரயில் ஏறினால் பெண்ணாடம், அரியலூர், லால்குடி, ஸ்ரீரங்கம் தாண்டித் திருச்சி. அங்கே 1966இல் தொடங்கப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. இன்சாஸ் துப்பாக்கி செய்த ஆலைகளில் அதுவும் ஒன்று. 2010களில் அதே ஆலை ஏ.கே. குடும்பத்தைச் சேர்ந்த 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' என்ற துப்பாக்கியைக் கொண்டு வந்தது. 2021 அக்டோபர் 1இல் பழைய ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டு கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, திருச்சி ஆலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மெண்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் போனது.

இந்தியாவும் இதே பாதையில்தான் நடந்திருக்கிறது. வங்காளத்து இஷாப்பூர் ஆலையின் பெயரைத் தாங்கிய 1ஏ1 துப்பாக்கி, குடைந்த உடலில் மரையால் திருகிய குழல் கொண்டது. அடுத்து வந்த இன்சாஸ் தகட்டு உடலுக்கு மாறியது. இப்போது உத்தரப் பிரதேசம் அமேதி மாவட்டம் கோர்வாவில் இந்திய - ரஷ்யக் கூட்டு நிறுவனம் ஏ.கே.203 செய்கிறது. 2021 டிசம்பரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் ஆனது. 1959இன் தகட்டு வழியில் வந்த துப்பாக்கி அது. ஆறு லட்சம் என்ற எண்தான் அங்கே பேசுகிறது.

பீங்கானில் மரை வெட்ட முடியுமா?

இனி விருத்தாசலத்துக்கு வரலாம். பழமலைநாதர் கோயிலுக்கும் மணிமுத்தாற்றுக்கும் பேர்போன ஊர், பீங்கானுக்கும் பேர்போன ஊர். பக்கத்து நெய்வேலியில் நிலக்கரி எடுக்கும்போது மேலே கிடைக்கும் களிமண், பீங்கான் தொழிற்பேட்டை, பீங்கான் படிப்புக்கென்றே ஒரு அரசுப் பயிலகம். அகல் விளக்கு, பொம்மை, ஜாடி, மின்சார ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர் என்று சிறு பட்டறைகள் பிழைத்து வந்திருக்கின்றன.

இந்த ஊரில் இணைப்பு என்பது அன்றாடப் பிரச்சினை. கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுவதே ஒரு இணைப்பு. இரண்டும் ஒரே அளவு ஈரத்தில் இருக்கும்போது களிக்குழம்பு தடவி ஒட்ட வேண்டும். ஒன்று காய்ந்து மற்றொன்று ஈரமாக இருந்தால் சுருங்கும் அளவு வேறுபட்டு, சூளையில் விரிசல் விடும். பட்டறைப் பெண்கள் விரலால் தொட்டே இதைச் சொல்லிவிடுவார்கள். எந்த மீட்டரும் வேண்டாம்.

மின்கம்பத்தின் உச்சியில் நிற்கும் பின் இன்சுலேட்டரைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே மரை இருக்கும். ஆமாம், பீங்கானில் மரை! சுட்ட பிறகு வெட்டியது அல்ல. பச்சைக் களிமண்ணாக இருக்கும்போதே அச்சால் திருகி எடுத்தது. சூளையில் பீங்கான் பத்து சதவீதமோ அதற்கு மேலோ சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு மரையைப் பெரிதாக வெட்ட வேண்டும். அப்படியும் இரும்புபோல் துல்லியம் வராது. அதனால்தான் இரும்புத் தண்டின் தலையில் மென்மையான ஈயத்தில் மரை வைக்கிறார்கள். விட்டுக்கொடுப்பது ஈயம். உடையாமல் நிற்பது பீங்கான்.

பெரிய மின்கோபுரங்களில் தொங்கும் தட்டு இன்சுலேட்டரில் மரையும் இல்லை, பின்னும் இல்லை. மேலே ஒரு இரும்புத் தொப்பி, கீழே ஒரு இரும்புத் தண்டு, நடுவில் பீங்கான், இடைவெளியில் சிமெண்ட். பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால் கம்பி இழுக்கும் இழுவை உள்ளே அழுத்தமாக மாறும்படி வடிவம் அமைத்திருக்கிறார்கள். வெயிலில் இரும்பு அதிகமாக விரியும், பீங்கான் குறைவாக விரியும். அதற்காக மெல்லிய தார்ப்பூச்சு ஒன்று மெத்தை போல இருக்கிறது.

பட்டறையில் இருப்பவர் படிப்பது இதே பாடம்தான். எங்கே விசை போகிறது, எந்தப் பொருள் எதைத் தாங்கும், யார் விட்டுக்கொடுப்பது? ஏ.கே.யின் டிரன்னியனும் இன்சுலேட்டரின் இரும்புத் தொப்பியும் ஒரே வகுப்பில் சொல்லித்தர வேண்டியவை. துப்பாக்கி ஒரு பாடம், பீங்கான் வேறு பாடம் என்று பிரித்துவைத்ததால்தான் பீங்கான் படிப்பு என்றாலே "பொம்மை செய்வாங்களே, அதுவா?" என்ற கேள்வி வருகிறது.

ஆயுதத்தைப் புகழலாமா?

ஒரு எதிர்ப்பு நியாயமாகவே வரும். கொல்லும் கருவியை உதாரணம் காட்டித்தான் பாடம் நடத்த வேண்டுமா? தமிழர்களுக்கு இது புத்தகக் கேள்வி அல்ல. இலங்கையில் டி-56 என்ற பெயரைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இருக்கிறது. அந்தப் பெயர் மேலே சொன்ன சீன டைப் 56தான். செய்ய எளிது, மலிவு, கெடாது என்ற மூன்று குணங்களும் தொழிற்சாலையில் புகழ்ச்சி, ஊருக்குள் சாபம். கலாஷ்னிகோவே 2013இல் இறப்பதற்கு முன் ரஷ்யத் திருச்சபைத் தலைவருக்கு மனவேதனையோடு கடிதம் எழுதினார். அது 2014 ஜனவரியில் வெளியானது.

ஆகவே புகழ வேண்டியது துப்பாக்கியை அல்ல. அதைச் செய்யக் கிடைத்த பொறுமையை. அந்தப் பொறுமை ஏன் துப்பாக்கிக்கு மட்டும் கிடைக்கிறது என்று கோபப்படவும் வேண்டும்.

பத்து வருடம் யாருக்குக் கிடைக்கும்?

1949இல் தகட்டு வேலையில் தோற்ற ஆலைக்கு 1959 வரை நேரம் கிடைத்தது. ஏன்? தோற்றாலும் வாங்குவதற்கு ஒரு ராணுவம் இருந்தது. விலை அதிகமானாலும் மில்லிங் உடலை வாங்கிக்கொண்டது. அந்த வருமானத்தில் தொழிலாளிக்குச் சம்பளம் போனது, பக்கத்து அறையில் பிரஸ் அச்சு பழகியது.

விருத்தாசலத்துப் பட்டறைக்காரருக்கு அப்படி ஒருவர் இல்லை. வீடுகளில் எம்.சி.பி. வந்ததும் பீங்கான் ஃபியூஸ் கட்டையின் தேவை சுருங்கியது. மின்கம்பங்களில் பாலிமர் இன்சுலேட்டர் ஏறியது. ஓடு என்றால் குஜராத்தின் மோர்பி, கோப்பை என்றால் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா. மாற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாறும்வரை சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதுதான் தெரியவில்லை. ஒரு சூளை முழுவதும் விரிசல் விட்டால் அந்த மாதமே போய்விடும். பத்து வருடம் சோதனை செய்ய யாரால் முடியும்?

இங்கேதான் அரசு வர வேண்டும். மானியம் என்று ஒரு முறை பணம் கொடுத்துவிட்டுப் போவது அல்ல. வாங்குபவராக வர வேண்டும். பள்ளிக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் கோயில்களுக்கும் பீங்கான் பொருள் எவ்வளவு வேண்டும்! அதில் ஒரு பங்கை ஐந்து வருடமோ பத்து வருடமோ உறுதியாக வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும். தெரிந்த பொருளைச் செய்து பிழைத்துக்கொண்டே தெரியாத பொருளைப் பழகிக்கொள்வார்கள். சோதனைச் சூளையும் பரிசோதனைக் கூடமும் சிறு பட்டறைக்கும் கிடைக்கும்படி பொதுவில் இருக்க வேண்டும். தோற்ற சூளையின் செலவைப் பகிர்ந்துகொள்ள ஒரு ஏற்பாடும் வேண்டும்.

"போட்டியில் நிற்க முடியாதவன் போகட்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் ஆறு லட்சம் துப்பாக்கி ஒப்பந்தத்தை ஒரு முறை யோசிக்கட்டும். கோர்வா ஆலை சந்தையில் போட்டி போட்டுப் பழகவில்லை. வாங்குவோர் முன்பே எழுதிக் கொடுத்த பிறகுதான் பழகுகிறது. அது நாட்டின் பாதுகாப்பு என்றால், ஒரு ஊரின் தொழிலும் ஆயிரம் குடும்பத்துச் சோறும் எதன் பாதுகாப்பு?

பீங்கான் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. படித்த தொழில் பழையது, புதியதற்கு ஓடிவிட வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். 1951இல் அந்தத் தொழிற்சாலையைக் காப்பாற்றியது பழைய துப்பாக்கியில் மரை வெட்டிப் பழகிய கைகள்தான். 1959இல் அவர்களை முன்னேற்றியது புதிய அச்சு. முதலாவது இல்லாமல் இரண்டாவது வந்திருக்காது.

மரை கழண்டால் திட்டலாம். மரையே வேண்டாம் என்று யோசித்து ஒரு பின்னைப் போட்டவனைத் திட்ட முடியாது. ஆனால் அவன் யோசித்து முடிக்கும்வரை யாராவது அவன் பொருளை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.